ஏழாம் வகுப்பை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது எப்படி?

ஓசூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். முதல் தடவை பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் இருக்கிற விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது எல்லா அரங்கையும் இரண்டு மணி நேரத்தில் காட்டி முடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் வகுப்பில் “என்ன பார்த்தீங்க?” என்றேன். “டைனோசர் சார்” என்றான் ஒருவன். அடுத்தவள் “ஐஸ்கிரீம் சார்” என்றாள். அதோடு முடிந்தது. அதற்கப்புறம் நான்கு முறை போய்விட்டேன். இப்போதெல்லாம் ஒரு பிள்ளை ஏழெட்டுப் பொருளுக்கு மேல் நின்று பார்ப்பதில்லை. ஆனால் பார்த்ததை வரைந்து காட்டுகிறது, ஆறாம் வகுப்புக்கு விளக்குகிறது.

புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்காக, நான் செய்யும் முறையை வரிசையாக எழுதுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இது அப்படியே பொருந்தும். தூரத்து மாவட்டக்காரர்கள் சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்கோ கோவைக்கோ போவீர்கள். அங்கே இடமும் நேரமும்தான் மாறும்.

முதல் படி: நீங்கள் மட்டும் ஒரு முறை போய் வாருங்கள்

இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். ஒரு சனிக்கிழமை, உடன் வரப்போகும் இன்னொரு ஆசிரியரோடு பஸ் ஏறிப் போங்கள். காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள், மாலை ஆறு மணி வரை உண்டு. அன்று கையில் ஒரு நோட்டு, காலில் நடக்க வசதியான செருப்பு. கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை எந்தத் தளத்தில், குடிநீர் எங்கே, பையை எங்கே வைக்க விடுவார்கள், நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட அனுமதி எந்த இடத்தில், வண்டி எங்கே ஆளை இறக்கலாம், இறக்கிய பிறகு எங்கே போய் நிற்கும். பின்னாலேயே கப்பன் பூங்கா இருக்கிறதே, மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். பூங்காவில் சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு. அருங்காட்சியக அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அதே நாளில் அலுவலகத்தில் பேசி மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக் குழுவுக்கான சலுகைக் கட்டணம் எவ்வளவு, அதற்குத் தலைமை ஆசிரியர் கடிதம் எப்படி இருக்க வேண்டும், நீங்கள் போகும் நாளில் அறிவியல் செயல்விளக்கமோ முப்பரிமாணப் படமோ எத்தனை மணிக்கு. கட்டணம் அவ்வப்போது மாறும், போன வருடக் கணக்கை நம்பிப் பிள்ளைகளிடம் பணம் வசூலிக்காதீர்கள்.

அப்புறம் முக்கியமான வேலை: ஒவ்வோர் அரங்கிலும் நின்று, “இதன் முன்னால் என் பிள்ளைகள் பத்து நிமிடம் நிற்பார்களா?” என்று பார்த்து, மொத்தம் இருபது பொருளைத் தேர்ந்தெடுங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இருபதுதான் உங்கள் அருங்காட்சியகம். மற்றதெல்லாம் போகிற வழியில் கண்ணில் பட்டால் லாபம்.

இரண்டாம் படி: அனுமதி, படிவம், வண்டி

மாநிலம் தாண்டிப் போகிறோம் என்பதால் அனுமதிக் கடிதம் தலைமை ஆசிரியர் மேசையோடு நிற்காது, மேலே போய்த்தான் திரும்பும். ஆறு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஒரு வார்த்தை சொல்லித் தீர்மானத்தில் ஏற்றிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினால் போதாது. இரண்டு செல்போன் எண் (ஒன்று அம்மாவுடையது), இரத்த வகை, வலிப்பு, வீசிங் மாதிரித் தொந்தரவு, தினமும் சாப்பிடும் மாத்திரை, பஸ்ஸில் வாந்தி வருமா என்பது வரை கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிப்பார்கள். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதன் அருமை தெரியும். வாந்தி வரும் என்று எழுதியவர்களுக்கு முன் சீட்டு, அன்று காலை பூரி வேண்டாம், இட்லி போதும்.

வண்டி விஷயத்தில் எனக்கு ஒரு சூடு பட்டிருக்கிறது. ஒரு வருடம் வாடகை குறைவு என்று ஒருவரிடம் பேசினோம். “எல்லாம் இருக்கு சார்” என்றார். மாநில எல்லையில் அத்திப்பள்ளியில் நிறுத்திக் கேட்டபோது கர்நாடகத்துக்குள் போகும் பர்மிட் இல்லை. பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் பாட்டுக்குப் பாட்டு விளையாடினார்கள். இப்போது பர்மிட், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) மூன்றையும் ஒரு வாரம் முன்பே போட்டோ வாங்கிவிடுகிறேன். பள்ளியின் சொந்த வண்டி என்றாலும் வெளிமாநிலம் போகத் தனி அனுமதி தேவையா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். டிரைவர் முந்தின ராத்திரி வேறு டிரிப் ஓட்டியவராக இருக்கக் கூடாது. இதை நேரடியாகக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

எந்த நாள் போவது? டிசம்பர், ஜனவரியில் கர்நாடகப் பள்ளிகளின் டூர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஜூலை, ஆகஸ்டில், செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் போங்கள்.

மூன்றாம் படி: போவதற்கு முன் மூன்று வகுப்பு

பயணத்தின் பாதி இங்கேதான் நடக்கிறது.

முதல் வகுப்பு, மைதானத்தில். அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் விமானத்தை நிஜ அளவிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். அதை வெறுமனே காட்டினால் “பழைய ஏரோப்ளேன்” என்று போய்விடுவார்கள். அதனால் முந்தின வாரம் மைதானத்தில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து முப்பத்தாறரை மீட்டர் அளக்கச் சொல்வேன். 1903 டிசம்பர் 17 அன்று மனிதன் இயந்திர விமானத்தில் பறந்த முதல் தூரம் அவ்வளவுதான்: 12 விநாடி, 120 அடி. “இதுக்குள்ளேயா சார்?” என்பார்கள். சரி, ஓடிப் பாருங்கள் என்பேன். வகுப்பிலேயே வேகமாக ஓடுகிற பெண் ஏழு விநாடியில் ஓடி முடித்தாள். உலகின் முதல் விமானத்தை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஜெயித்துவிட்டது!

இங்கே கேள்வி தானாக வரும்: அவ்வளவு மெதுவாகப் போனால் எப்படிப் பறந்தது? அன்று அவர்கள் பறந்த கடற்கரையில் பலமான எதிர்காற்று. ஆடி மாதத்தில் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது உடனே புரியும். நாம் நகர்வது கொஞ்சம்தான், முகத்தில் அடிக்கிற காற்றோ பலமாக இருக்கும். இறக்கைக்கு வேண்டியது அந்தக் காற்றின் வேகம், தரையைக் கடக்கிற வேகம் அல்ல. அன்றே நான்காவது முறை பறந்தபோது 59 விநாடியில் 852 அடி போனார்கள். மைதானத்துச் சுவரைத் தாண்டி ரோட்டில் அளக்க வேண்டியிருக்கும், அதைச் செய்யவில்லை.

அடுத்து ஒரு காலி டூத்பேஸ்ட் அட்டைப்பெட்டி. இரண்டு முனையையும் திறந்துவிட்டு, எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் திருகச் சொல்லுங்கள். ஒரு முனை மேல்நோக்கியும் மறுமுனை கீழ்நோக்கியும் சாயும். சைக்கிள் கடையில் டியூப் வந்த அட்டைப்பெட்டியை இப்படித் திருகிப் பார்த்துத்தான் வில்பர் ரைட்டுக்கு இறக்கையை முறுக்கி விமானத்தைச் சாய்க்கலாம் என்ற யோசனை வந்தது. பெட்டியைக் கையில் திருகியவன் அங்கே போனதும் இறக்கைகளுக்கு நடுவில் ஓடும் கம்பிகளைத் தேடுவான்.

இரண்டாவது வகுப்புக்கு ஒரு சைக்கிள் போதும். ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் பற்களை எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18. ஒரு முறை மிதித்தால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை சுற்று. வால்வுத் தலையில் சாக்பீஸ் தடவி எண்ணினால் கணக்கு ஒத்துவரும். கைவிரல் செயினுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு ஒருவர் மட்டும் மிதியைத் தொடட்டும். ரைட் விமானத்தில் இன்ஜினிலிருந்து புரொப்பல்லருக்குச் சுழற்சியைக் கொண்டுபோனதும் செயின்தான். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் என்பதை அப்போது சொல்லுங்கள், எடுபடும்.

மூன்றாவது வகுப்பு மொழிக்கு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பொருள்களுக்குப் பக்கத்தில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு நெம்புகோல் தெரியும், கப்பி தெரியும், மின்மாற்றி தெரியும். லீவர், புல்லி, டிரான்ஸ்பார்மர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது தனக்குத் தெரிந்த பொருள்தான் என்றே தெரியாது. தேர்ந்தெடுத்த இருபது பொருளையும் வைத்து இருபத்தைந்து சொற்களுக்கு இருமொழிப் பட்டியல் ஒன்று ஒரே பக்கத்தில் அடித்து, ஆளுக்கு ஒன்று கொடுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. வகுப்பில் எட்டுப் பத்துப் பேர் வீட்டில் கன்னடம் அல்லது தெலுங்கு பேசுகிறவர்கள். கன்னடம் பேசினாலும் எழுத்துத் தெரியாது, ஆனால் அங்கே நின்று விளக்குகிறவர் பேசுவது புரியும். குழுவுக்கு ஒருவரை அப்படிப் பிரித்துப் போட்டுவிடுவேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், செயல்விளக்க அரங்கில் அரை மணி நேரம் தன் குழுவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தான்.

நான்காம் படி: ஜோடிக்கு ஒரு பொருள்

நாற்பது பேர் என்றால் எட்டுப் பேராக ஐந்து குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். ஒரு குழுவுக்குள் நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பொருளைச் சொந்தமாக்கிவிடுங்கள். இருபது ஜோடி, இருபது பொருள். தங்கள் பொருளுக்கு முன்னால் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும், வரைய வேண்டும், அப்புறம் தங்கள் குழுவின் மற்ற ஆறு பேருக்கு அதை விளக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு பொருள் நன்றாகவும், இன்னும் நாலைந்து சுமாராகவும் தெரிந்துவிடும்.

ஜோடிக்குக் கொடுக்கும் அட்டையில் நான் எழுதும் கேள்விகள் நான்கே:

எது முதலில் அசைகிறது?
அது எதை அசைக்கிறது?
இது நின்றுபோனால் என்ன காரணமாக இருக்கும்?
இதே மாதிரி ஒன்றை உன் ஊரில் எங்கே பார்த்திருக்கிறாய்?

கண்டுபிடித்தவர் யார், ஆண்டு எது என்று கேட்காதீர்கள். கேட்டால் பிள்ளை பொருளைப் பார்க்காது, பக்கத்துப் பலகையைப் பார்த்து எழுதிவிட்டு ஓடிவிடும். நான்காவது கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். கப்பிக்கு “எங்க கிணறு”, பல்சக்கரத்துக்கு “கரும்பு ஜூஸ் மிஷின்”.

பெரியவர்களாக ஆசிரியர்கள் மட்டும் வர வேண்டும் என்பதில்லை. ஓசூர் சிப்காட்டில் லேத், மில்லிங் மிஷினில் வேலை பார்க்கும் அப்பாக்கள் எங்கள் வகுப்பில் பலர். ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். இன்ஜின் அரங்கில் குறுக்கே வெட்டி உள்பாகம் தெரிய வைத்திருக்கும் இன்ஜின் ஒன்றின் முன் நின்றார். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையத்தைக் காட்டி, “இது தேய்ஞ்சா வண்டி புகை கக்கும். உங்க தெருவுல நீலப் புகை விட்டுட்டுப் போற வண்டி இருக்குல்ல, அதுல இதுதான் போயிருக்கும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் சொல்லியிருக்க முடியாது. அவர் மகன் அன்று முழுக்க அப்பாவின் கையை விடவில்லை.

குழுவில் பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு டீச்சராவது கட்டாயம் வர வேண்டும். முதலுதவிப் பெட்டியில் நாப்கினும் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: எண்ணுவது

தலையை எண்ணாதீர்கள். நான் எண்ணி ஏமாந்திருக்கிறேன். திறந்தவெளியில் பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வைத்து எண்ணினேன், 41. சரியாக இருந்தது. நடக்க ஆரம்பித்ததும் ஒரு பெண், “சார், இவன் நம்ம கிளாஸ் இல்ல சார்” என்றாள். வேறு ஏதோ பள்ளிக்கூடத்துப் பையன், அதே நீல யூனிஃபார்ம், கூட்டத்தோடு வரிசையில் நின்றுவிட்டான். அப்படியென்றால் எங்கள் பையன் ஒருவன்? ரயிலுக்கான வரிசையில் இரண்டாவது ரவுண்டுக்கு நின்றுகொண்டிருந்தான். ஐந்து நிமிடம்தான். என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஓர் எண். “ஒண்ணு”, “ரெண்டு” என்று அவர்களே குரல் கொடுக்க வேண்டும். பஸ் ஏறும்போது, இறங்கும்போது, மாடி மாறும்போது, சாப்பிடும் முன், கழிப்பறை போய் வந்த பிறகு. ஒரு நிமிடம்கூட ஆகாது. கழுத்து அட்டையில் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் செல் எண்ணும் போதும். பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதி வெளியாட்களுக்குக் காட்ட வேண்டாம். வழி தவறினால் எங்கே வந்து நிற்பது என்பதற்கு எல்லாருக்கும் தெரிகிற ஒரே இடத்தைச் சொல்லிவையுங்கள். நாங்கள் சொல்வது டைனோசர் காலடி. அதை மறக்கிற பிள்ளை கிடையாது.

ஆறாம் படி: அன்றைய நாள்

காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசலில் திணறும் சில்க் போர்டு சந்திப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் பாட்டு போடுவதற்கு முன், பதினைந்து நிமிடம் மைக்கை வாங்கி விஸ்வேஸ்வரய்யா கதையைச் சொல்லிவிடுவேன். புனே பக்கத்துக் கடக்வாஸ்லா அணையில், வெள்ளம் குறிப்பிட்ட அளவு ஏறினால் தானே திறக்கும் மதகுகளை 1903-இல் வைத்தவர். 1909-இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர், 1912 முதல் 1918 வரை திவான். நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது, ஆனால் கே.ஆர்.எஸ். அணையைத் தெரியும். வருடா வருடம் டி.வி.யில் “கே.ஆர்.எஸ்.ஸிலிருந்து தண்ணீர் திறப்பு” என்று வருகிறதே, அந்த அணையைக் கட்டியவர் என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள். “அப்போ தண்ணி விடாதவரா சார்?” என்று ஒருவன் கேட்டான். அவர் 1962 ஏப்ரலில் காலமானார், அதே ஆண்டு ஜூலையில் அவர் பெயரில் இந்த அருங்காட்சியகத்தை நேரு திறந்துவைத்தார்.

உள்ளே நுழைந்ததும் கீழ்த்தளத்தில் டைனோசர் தலையை ஆட்டி உறுமும். எல்லாப் பள்ளியும் அங்கேயே தேங்கி நிற்கும். ஐந்து நிமிடம் உறுமலைக் கேட்கவிட்டு, நேராக மேல் மாடிக்கு ஏறிவிடுங்கள். கூட்டம் கீழிருந்து மேலே வரும்போது நீங்கள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருப்பீர்கள். இந்த ஒரு தந்திரத்தாலேயே பாதி நெரிசலிலிருந்து தப்பிக்கலாம்.

அரங்குகளில் நான் நின்று பேசுவது மூன்று இடத்தில் மட்டும்தான்.

ஒன்று, எலக்ட்ரானிக்ஸ் அரங்கு. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பெயரில் ‘பெல்’ அரங்கு என்பார்கள். நம் ஊரில் பெல் என்றால் திருச்சி பெல்தான் நினைவுக்கு வரும். அது பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ், கொதிகலன் செய்கிறது. இது வேறு, 1954-இல் பெங்களூருவில் தொடங்கியது. தேர்தலன்று நம் பள்ளிக்கூடத்து வகுப்பறையிலேயே வைக்கிறார்களே ஓட்டு இயந்திரம், அதைத் தயாரிக்கும் இரண்டு நிறுவனங்களில் இது ஒன்று என்று சொன்னால் போதும். தங்கள் பெஞ்சுக்கும் அந்த அரங்குக்கும் ஒரு தொடர்பு வந்துவிடுகிறது.

இரண்டாவது, மின்சார அரங்கு. 1965-இல் முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திறந்த அரங்கின் பொருளே மின்சாரம்தான். இங்கே நான் காவிரியைப் பற்றிப் பேசுவேன். 1902-இல் சிவனசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்க வயலுக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூருத் தெருவிளக்குகூட அதற்குப் பிறகுதான், 1905-இல் எரிந்தது. கோலார்ச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன கொள்ளுத் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் பக்கத்து வகுப்புகளில் உண்டு. அதே தண்ணீர்தான் அப்புறம் ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூருக்குப் போகிறது. இவ்வளவு தூரம் ஏன் மிக உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்புகிறார்கள் என்ற கேள்வியை அங்கே போட்டுவிட்டு, மின்மாற்றி பற்றிய பொருளுக்கு உரிய ஜோடியைப் பதில் சொல்ல விடுங்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை, வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வெளியே நிற்கும் போர் விமானம் மருத். ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) வடிவமைத்து, 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த விமானம். இந்தியாவிலேயே உருவான முதல் ஜெட் போர் விமானம் அதுதான். மொத்தம் 147 செய்தார்கள். 1971 பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலா சண்டையில் பங்கெடுத்தது. இதில் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விஷயம் ஒன்றே: விமானத்தின் உடல் வேகத்துக்கு ஏற்ற மாதிரி அமைந்தது, ஆனால் அதற்கேற்ற பலமான இன்ஜின் கடைசி வரை கிடைக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு ரைட் விமானத்தை நினைவுபடுத்துவேன். அதன் இன்ஜின் 12 குதிரைத்திறன். இன்று ஓசூர் ரோட்டில் ஓடும் 125 சிசி பைக்குக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். “அப்போ எங்க மாமா பைக்கை வெச்சுப் பறக்கலாமா சார்?” என்றாள் ஒருத்தி. எவ்வளவு எடை, எவ்வளவு பெரிய இறக்கை என்று கணக்குப் போட்டு வா என்றேன். (ரைட் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 12 மீட்டருக்கு மேல். அவள் மாமா வீட்டுச் சந்தில் நுழையாது.)

வேடிக்கை அறிவியல் அரங்கில் நீங்கள் பேசவே வேண்டாம். உருவத்தை நீட்டி, குறுக்கிக் காட்டும் கண்ணாடிகளின் முன் விட்டுவிடுங்கள். ‘ஒளியியல்’ பாடத்தில் குழியாடி, குவியாடி வரும்போது “அன்னைக்கு என் வயிறு பெரிசாத் தெரிஞ்சுதே” என்று அவர்களே சொல்வார்கள்.

பன்னிரண்டரைக்கே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். புளி சாதம், உருளைக்கிழங்கு, ஒரு வாழைப்பழம். தயிர் சாதம் பிற்பகலில் புளித்துவிடும். சிலர் வீட்டிலிருந்து சிக்கன் ரைஸ், சிலர் வெறும் சாதம் என்று வராமல் இருக்க, எல்லாருக்கும் பள்ளியிலேயே கட்டிவிடுவது நல்லது. கைச்செலவுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குச் செல்போன் கூடாது. குழுவின் பெரியவர் எடுக்கும் போட்டோ போதும், அதுவும் பெற்றோர் படிவத்தில் சம்மதித்திருந்தால் மட்டும்.

ஒன்றரைக்கு மேல் பிள்ளைகளுக்குக் கால் வலிக்க ஆரம்பிக்கும். உட்கார்ந்து பார்க்கிற செயல்விளக்கம், படம் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணம் கொண்டும் மூன்று மணிக்கு மேல் அங்கே இருக்காதீர்கள். கப்பன் பூங்கா, விதான சௌதா என்று சேர்த்துக்கொள்ளப் பெற்றோரும் டிரைவரும் ஆசை காட்டுவார்கள். வண்டியிலிருந்தே காட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஐ.டி. கம்பெனி வண்டிகள் சாலைக்கு வருமுன் எலக்ட்ரானிக் சிட்டி தாண்டிவிட்டால் இருட்டுவதற்கு முன் ஊர் வந்துவிடலாம். அத்திப்பள்ளி தாண்டியதும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுங்கள், பள்ளி வாசலில் காத்திருப்பார்கள்.

ஏழாம் படி: திரும்பி வந்த பிறகு

மறுநாள் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். அந்தக் கட்டுரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பதில், ஒவ்வொரு ஜோடியும் வரைந்த படத்தைக் கொண்டு ஆறாம் வகுப்புக்கு ஐந்து நிமிடம் விளக்கட்டும். ஆறாம் வகுப்புக்காரர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கும்போதுதான் தாங்கள் சரியாகப் பார்க்காத இடம் பிடிபடும்.

இரண்டு வாரத்துக்குள் அட்டை, நூல், நூல்கண்டுக் கட்டை, சைக்கிள் உதிரிப் பாகம் வைத்து ஒரு ஜோடி ஒரு மாதிரி செய்யட்டும். வானவில் மன்ற வகுப்பு (செய்து பார்த்து அறிவியல் கற்கும் அரசுத் திட்டம்) நடக்கிற பள்ளி என்றால் அந்த நேரத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். இருபதில் பதின்மூன்று ஓடும், ஏழு ஓடாது. ஓடாத ஏழையும் காட்சிக்கு வையுங்கள், ஏன் ஓடவில்லை என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டி. மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிற நாளில் வைத்தால் பெற்றோரும் பார்ப்பார்கள்.

கடைசியாக, வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். வண்டி, நுழைவுக் கட்டணம், சாப்பாடு, டிரைவர் பேட்டா எல்லாம் தனித்தனியாக. சென்ற முறை எங்களுக்கு 340 ரூபாய் மிச்சம். ஆளுக்குத் திருப்பிக் கொடுத்தால் எட்டு ரூபாய் சொச்சம். பிள்ளைகளிடமே கேட்டோம். ஃபெவிகால் வாங்கச் சொல்லிவிட்டார்கள்.